அழித்தால் அழிந்துவிடுமா?

தம்பி, என் பையைக் கீழே வைத்துவிடாதீர்கள். மடியிலேயே இருக்கட்டும், கனக்காது. உள்ளே ஒரு சின்ன லேப்டாப், ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். எங்கே இறங்குகிறீர்கள்? பாவூர்சத்திரமா? நல்லது, பஸ் அங்கே போகிறவரை பேச்சுத்துணை.

திருநெல்வேலியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் அழிந்துபோனதை மீட்டுத் தருவதாக போர்டு மாட்டி வைத்திருக்கிறாள், ஜங்ஷன் பக்கம் மாடியில். போன வாரம் இந்த லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்குப் போனால், "ஒண்ணும் எடுக்க முடியலை சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஹார்டு டிஸ்க்கா இருந்தா எடுத்திருக்கலாம். இது எஸ்.எஸ்.டி. சார்" என்றாள். கேட்டீர்களா? ஹார்டு டிஸ்க்காக இருந்திருந்தால்! வாங்கும்போதே நான் கடையில் நின்று தொண்டை வறளச் சொன்னேன், ஹார்டு டிஸ்க்கே இருக்கட்டும் என்று. என் பேச்சை யார் கேட்டார்கள்?

என்னை ஏமாற்றிவிட்டார்கள் தம்பி. பீர் முகம்மது என்று எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவனைச் சொல்கிறேன். முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மனைவி உலகம்மாள் எங்கள் ஊர் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். இப்போது போல இல்லை, அப்போது மதராசுக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவள்தான் வயரை எடுத்துச் சொருகிப் பேச்சை இணைத்துவிடுவாள். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நடுவில் காது கொடுக்கவும் வேண்டும். ஊரில் யார் கடன் கேட்டு அழுதார்கள், யார் பெண்ணுக்கு எந்த இடம் தட்டிப்போனது, எல்லாம் அவள் காது வழியாகத்தான் போகும். ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். டூட்டி முடிந்து வந்தால் வாசலிலேயே நின்று முந்தானையால் இரண்டு காதையும் அழுத்தித் துடைப்பாள். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். ஹெட்போன் மாட்டி மாட்டி வியர்த்திருக்கும், பாவம்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எட்டாவதோடு நின்ற படிப்பு. மிச்சத்தையெல்லாம் பிறர் எழுதியதைத் திருத்தித் திருத்தியே கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகத் தட்டிப் பார்த்துப் படித்ததுதான். ஆகவே மெஷின் விஷயத்தில் என்னை யாரும் லேசில் ஏய்க்க முடியாது. ஏய்த்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அவள் ரிட்டயர் ஆன பிறகு காதில் ஒரு தொந்தரவு வந்தது. டாக்டர் இரைச்சல் என்றார். அவள், "இரைச்சல் இல்லைங்க. உள்ள பேசிக்கிட்டே இருக்காங்க" என்பாள். யார் பேசுகிறார்கள் என்றால் எழுந்து போய்விடுவாள். ஒருநாள் அவளாகவே, "எழுதிப் பார்த்தா அடங்குமோ என்னமோ" என்றாள். நான் அன்றைக்கே ஒரு சின்ன லேப்டாப் வாங்கி வந்துவிட்டேன். நாலு வரி எழுதினால் விரல் வலிக்கும் அவளுக்கு, பேனா பிடிக்க முடியாது. தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

எழுதினாள் தம்பி. எப்படி எழுதினாள்! ஒவ்வொரு டிரங்க் காலும் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். பெயர் இருக்காது, ஊர் இருக்காது. பேச்சு மட்டும் இருக்கும். அவள் தூங்கும்போது எடுத்துப் படிப்பேன். சும்மா படிப்பேனா? தொழில் புத்தி போகுமா? "அழுதான்" என்று மொட்டையாக எழுதியிருப்பாள். நான் "விம்மி விம்மிக் கண்ணீர் வடித்தான்" என்று மாற்றுவேன். மறுநாள் பார்த்தால் அது மறுபடியும் "அழுதான்" ஆகியிருக்கும். மெஷின் பழையபடி மாற்றிவிடுகிறது என்று நினைத்தேன். அவளிடம் கேட்டால், "அப்படியா?" என்பாள்.

அந்த லேப்டாப்பில் இருந்தது ஹார்டு டிஸ்க். உள்ளே தட்டு சுற்றும். தட்டின் மேல் ஊசி மாதிரி ஒன்று ஓடி ஓடிப் படிக்கும். கிர்ர் என்று ஒரு சத்தம், நடுவில் டக் டக் என்று ஒன்று. அடுப்படியில் நின்றால் எனக்குக் கேட்கும், அவள் எழுதுகிறாள் என்று தெரியும். நின்றுவிட்டால், "என்ன, நிறுத்திட்டே?" என்று குரல் கொடுப்பேன். மறுபடி கிர்ர். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரிய வேண்டும், இல்லையா?

புத்தகமாகப் போடலாம் என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. முன்னுரையை நானே எழுத ஆரம்பித்துவிட்டேன், அதே லேப்டாப்பில்.

இதற்கிடையில் என் தங்கை மகன் கல்யாணம். பந்தியில் எங்கள் அச்சக ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் உலகம்மாள். சும்மா சாப்பிட முடியுமா? அவள் எழுதியதில் ஒன்றை எடுத்துவிட்டேன். அதாவது, ஒரு பெண்பிள்ளை வெள்ளிக்கிழமை தவறாமல் டெலிபோன் ஆபீசுக்கு வந்து பம்பாய்க்கு ஒரு கால் போடுவாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் எடுப்பான். இவள் பேச மாட்டாள். அவனும் ஒரு ஹலோவுக்கு அப்புறம் பேச மாட்டான். மூன்று நிமிஷமும் இரண்டு மூச்சுச் சத்தம் மட்டும். நேரம் முடிந்தது என்று ஆபரேட்டர் சொல்ல வேண்டும். உலகம்மாளுக்குச் சொல்ல வாய் வராது, கொஞ்சம் விட்டுத்தான் சொல்வாள். அவ்வளவுதான் கதை. நான் அதற்குக் கொஞ்சம் உருவம் கொடுத்தேன். அந்தப் பெண்பிள்ளை மழையோ வெயிலோ ஆண்கள் குடையைத்தான் பிடித்து வருவாள் என்று சேர்த்தேன். அதுவும் உலகம்மாள் எப்போதோ வாய் தவறிச் சொன்னதுதான்.

பெயரே சொல்லவில்லை தம்பி. குடை என்றுதான் சொன்னேன். அதற்குப் போய் பக்கத்து இலை இசக்கிமுத்து, "ஏ, நம்ம பகவதி டீச்சரா!" என்று கத்திவிட்டான். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பகவதி டீச்சர் அந்த வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்தார், கல்யாணமே செய்துகொள்ளாதவர். இலையில் பாயசம் அப்போதுதான் விழுந்திருந்தது. டீச்சர் எழுந்துவிட்டார். உலகம்மாளும் எழுந்துவிட்டாள். பாதிப் பந்தியில் எழுந்திருப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. பாயசத்தில் வெல்லம் கரித்துவிட்டது, அதனால் இருக்கும். ஆனால் கதை நன்றாக எடுபட்டது. கை கழுவுகிற இடத்தில்கூட என்னிடம் கேட்டார்கள், "இன்னும் இருக்கா அண்ணாச்சி?" என்று.

அந்த வாரம்தான் அது நடந்தது. லேப்டாப்பைத் திறந்தால் அவள் எழுதியது ஒன்றுகூட இல்லை. "கை பட்டுட்டு" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவளை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. நேரே பீர் முகம்மதுவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் ஏதோ ஒரு புரோகிராமைப் போட்டு சாயங்காலத்துக்குள் அத்தனையையும் எடுத்துவிட்டான். அன்றைக்கு அவன் எனக்குத் தெய்வம்.

வீட்டுக்கு வந்து அவள் முன்னால் திறந்துவைத்தேன். "பாரு" என்றேன். அவள் பார்த்தாள். சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து பார்த்தாள்.

"அழிச்சது எப்படி வந்துச்சு?"

"ஹார்டு டிஸ்க்ல அழிச்சா பெயரைத்தான் அடிக்கும். எழுதினது உள்ளேயேதான் கெடக்கும். வேற ஏதாவது வந்து மேல உட்கார்ந்தாத்தான் போகும்."

"அப்ப போகவே போகாதா?"

"போகாது. நான் இருக்கிற வரைக்கும் உன் எழுத்து ஒண்ணு போகாது" என்றேன். அவள் மாதிரி ஒரு மனுஷிக்கு இதைவிட என்ன வாக்குக் கொடுக்க முடியும்?

அப்புறம் லேப்டாப் சுணங்க ஆரம்பித்தது. பொத்தானை அமுக்கிவிட்டு உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் திறந்திருக்காது. பீர் முகம்மது பார்த்துவிட்டு, டிஸ்க் தேய ஆரம்பித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றான். உலகம்மாள் தானும் வருவதாகச் சொன்னாள். எந்த மெஷினை வாங்கவும் அவள் கூட வந்ததில்லை. மிக்ஸிகூட நான் பார்த்து வாங்கியதுதான்.

பீர் முகம்மது இரண்டை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று ஹார்டு டிஸ்க், ஆயிரம் ஜி.பி. மற்றது எஸ்.எஸ்.டி., இருநூற்றைம்பது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை.

"ஆயிரத்தை விட்டுட்டு இருநூத்தம்பதை எவனாவது வாங்குவானா? உனக்கு எதுலடே லாபம் ஜாஸ்தி?" என்றேன்.

"உங்ககிட்ட விக்கிறப்போ ரெண்டுலயும் லாபம் கெடையாது அண்ணாச்சி. ஆனா சொல்லுதேன், இதுல சுத்துறது ஓடுறது ஒண்ணும் இல்ல, வெறும் சில்லுதான். கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள திறந்துரும். சூடு கம்மி. கீழ விழுந்தாலும் சட்டுனு ஒண்ணும் ஆகாது. சத்தமே வராது."

"சத்தம் வராட்டா ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"அது உங்களுக்கு எதுக்கு? எழுதுறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்ல."

நல்ல வாய் அவனுக்கு. அப்போது உலகம்மாள் கேட்டாள்: "இதுல அழிச்சா அழிஞ்சுருமா தம்பி?"

"அழிஞ்சுரும்மா. அழிச்ச இடத்தை இதுவே உள்ளுக்குள்ள துடைச்சு வச்சுக்கும். கொஞ்ச நேரம் போச்சுன்னா அந்த ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது."

"நெசமாவா?"

"நெசமாம்மா."

"யார் கொண்டு வந்து கேட்டாலும்?"

நான் குறுக்கே புகுந்தேன். "பயந்துட்டா பாரு. அதுக்குத்தான் சொல்லுதேன், ஹார்டு டிஸ்க்கே இருக்கட்டும்னு. நாளைக்கு மறுபடி உன் கை பட்டா?"

அவள் அந்தச் சின்னதை உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தாள். "எனக்கு இது போதும்" என்றாள்.

"இடம் பத்தாது உலகு."

"நான் என்ன கல்யாண வீடியோவா வச்சிருக்கேன்? எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும்? பழசு மடியில வச்சா சுடுது."

நாற்பது வருஷத்தில் அவள் ஒரு கடையில் நின்று இது வேண்டும் என்று கேட்டது அதுதான். நான் என்ன செய்வேன்? சரி என்றேன். எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றச் சொன்னேன். பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொண்டேன். தேய்ந்தால் என்ன, ஒரு நகல் அதில் இருக்கிறதே. பீரோவில் வைத்தேன். அங்கேதான் நான் புத்திசாலி.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவள் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டாள். துணி பறக்காமல் இருக்கப் பாரம் தேடியிருக்கிறாள். ஊரில் கல்லே இல்லையா? பீரோவைத் திறந்து இதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலம் வடகத்தை அள்ளும்போது கை தவறி, நேரே கீழே துவைக்கிற கல்லில் விழுந்துவிட்டது. பீர் முகம்மது அதைக் காதோரம் வைத்து ஆட்டினான், உள்ளே கலகல என்றது. "உள்ள இருக்கிறது கண்ணாடித் தட்டு அண்ணாச்சி. தூளாயிட்டு" என்றான். உலகம்மாள் வாழ்நாளில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கை தவற விட்டவள் இல்லை. அன்றைக்குப் பார்த்துத் தவறியது. விதி என்பது இதுதான்.

சரி, எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த எஸ்.எஸ்.டி. வந்த நாளில் இருந்து வீட்டில் சத்தம் இல்லை. அவள் உள்ளே உட்கார்ந்து எழுதுகிறாளா, சும்மா சுவரைப் பார்க்கிறாளா, ஒன்றும் தெரியாது. இருந்தாற்போல் உள்ளே போவேன். அவள் மடியில் லேப்டாப் இருக்கும், திரையைத் தாழ்த்திவிடுவாள். ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டேன். புதிதாக ஒரு ஃபைல். அதன் பெயர் "அவர்".

அவர் என்றால் யார்? சொல்லுங்கள். ஒரு மனைவி "அவர்" என்று எழுதினால் அது யாராக இருக்கும்? நான்தானே? ஊரில் உள்ளவனையெல்லாம் எழுதியவள் கடைசியில் என்னை எழுதுகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் அவள் அதிகம் பேச மாட்டாள் தம்பி. ஆபீசில் அடுத்தவர் பேச்சுக்கே நாள் போய்விடுகிறது என்பாள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. நான் பேசுவேன், அவள் உம் கொட்டுவாள். நாற்பது வருஷம் உம். அந்த உம்முக்குள் என்ன இருந்தது என்று அந்த ஃபைலில் இருக்கிறது. படிக்கலாமா என்று கேட்டேன். "முடிக்கட்டும்" என்றாள். ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் படித்திருப்பேன். அவள்தான் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்க ஆரம்பித்துவிட்டாளே.

அப்புறம் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தோம். தை பிறக்கும் முன்பே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு திறந்தேன். கண்ணைச் சிமிட்டுவதற்குள் திறந்தது, அதில் குறை சொல்ல முடியாது. உள்ளே அவள் எழுதியது ஒன்றும் இல்லை. துடைத்த பலகை. "அவர்" இல்லை. பம்பாய் இல்லை. எதுவும் இல்லை.

நான் பீர் முகம்மது கடையில் போய்ச் சத்தம் போட்டேன். கடைத்தெருவே கூடிவிட்டது. "தெரிஞ்சுதானே வித்தே? பாவி, ஒரு பொம்பளை அறியாமக் கேட்டா, என்னைத் தனியாக் கூப்பிட்டு எச்சரிக்கக் கூடாதா?" என்றேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணாச்சி, உங்க முன்னாடிதானே சொன்னேன்" என்கிறான். சொன்னான், சிரித்துக்கொண்டு சொன்னான். ஒரு வியாபாரி இப்படிப்பட்ட விஷயத்தைச் சிரித்துக்கொண்டா சொல்வது? அதோடு விட்டானா? எல்லாரும் கலைந்த பிறகு மெதுவாகச் சொல்கிறான்: "அதுக்கு முந்தியே அம்மா ஒரு நாள் தனியா வந்து இதையே கேட்டுட்டுப் போனாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க." செத்துப்போனவள் மேல் பழி! உலகம்மாள் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. அன்றோடு அவனிடம் பேச்சை முறித்துக்கொண்டேன்.

அதனால்தான் திருநெல்வேலிக்குப் போனது. இன்றைக்கு அந்தப் பெண், "ஒரே ஒரு ஃபைல் மட்டும் பத்திரமா இருக்கு சார், அதை யாரும் தொடலை" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திறந்து காட்டினாள். என் முன்னுரை. பன்னிரண்டு பக்கமும் ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது. அது மட்டும் எப்படித் தப்பியது என்று எனக்கு விளங்கவே இல்லை.

"இது வைரஸ் இல்ல சார். யாரோ உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அழிச்சிருக்காங்க" என்றாள். யார் அழிப்பார்கள்? வீட்டில் இருந்தது இரண்டே பேர். நான் அழிக்கவில்லை. அவள் அழிப்பாளா? அவளுக்கு அழிக்கவே தெரியாது தம்பி. கை பட்டுப் போகும், அது வேறு. முறையாக அழிக்க அவளுக்குத் தெரியாது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அதற்குள் உங்கள் ஊர் வந்துவிடும். அவள் படுக்கையில் இருந்தபோது ஒரு மத்தியானம். சுவரில் சாய்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கிடையாதே, ஒன்றும் தெரியவில்லை. "என்ன பண்ணுதே?" என்றேன். "ஒதுங்க வைக்கேன்" என்றாள். நல்லதுதான், சுத்தமாக இருந்தால் மெஷின் வேகமாக ஓடும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க, இந்தக் குப்பைத்தொட்டி நிறைஞ்சு கெடக்கு, எப்படிக் கொட்டுறது?" என்று கேட்டாள். பார்த்தீர்களா? அதுகூடத் தெரியாது அவளுக்கு. அதற்கும் நான்தான் வேண்டும்.

எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடி போடவில்லை, எனக்கு அது மனப்பாடம். அழித்ததெல்லாம் போய் விழுகிற இடம் அது; கொட்டச் சொன்னால் மெஷின் ஒரு கேள்வி கேட்கும், நிரந்தரமாக அழிக்கவா என்று. எந்தக் குப்பைக்கும் அப்படித்தான் கேட்டுப் பயமுறுத்தும். "கேக்குதே, என்ன சொல்ல?" என்றாள். "ஆமான்னு சொல்லணும், இப்படி" என்று அவள் விரல் மேல் என் விரலை வைத்து அமுக்கினேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் லேப்டாப்பை மூடி என்னிடம் கொடுத்தாள். முந்தானையை எடுத்து இரண்டு காதையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"காதுல என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள்.